ஆறு மில்லிமீற்றர்

எஞ்சின் நானூற்றைம்பது டொலர்.
தெற்கு டண்டினோங்கில் உடைத்த கார் விற்கிறவன்
பின்னால் இடி வாங்கிய கம்றியிலிருந்து கழற்றி
வான் கதவு வரை உருட்டிக்கொண்டு வந்தான்.
ஓடின எஞ்சின்தான் என்றான். உத்தரவாதம் அவ்வளவுதான்.
மூடியில் வெள்ளை மையால் 143 என்று எழுதியிருந்தது.
ஆயிரம் கிலோமீற்றரா, அலமாரி இலக்கமா,
நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கே தயாபரன் வந்துவிட்டார்.
முன்னாள் கணவரின் தமையன்.
என் மகளுக்கு இன்னும் பெரியப்பா.
எனக்கு?
பதினொரு வருடம் அத்தான் என்று கூப்பிட்டேன்.
நீதிமன்றக் கடிதத்தில்
அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
'வாங்கோ' என்றேன்.
அதற்கு முன்னால் எதையும் சேர்க்காமல்.

பக்கத்து வீட்டு டராகனிடம் இரவல் வாங்கிய தூக்கி.
சங்கிலியில் தொங்கிய எஞ்சின்
கராஜின் நடுவில் மெல்லத் தன்னைத் திருப்பிக்கொண்டது,
புது வீடு பார்க்க வந்த ஆள் மாதிரி.
ஜூன் மாதம். ஸ்பானர் பிடித்த விரல் மரத்திருந்தது.
இறக்கினோம், தள்ளினோம், சரித்தோம், மறுபடி தள்ளினோம்.
பத்து மணிக்கு எஞ்சினும் கியர்பொக்ஸும்
முகத்துக்கு முகம் நின்றன.
நடுவில் ஒரு கீற்று வெளிச்சம்.

மகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தேன்.
ஆறு மில்லிமீற்றர்.

'போல்டைப் போட்டு இழுப்பம், வரும்.'

வரும்.
இறுக்க இறுக்க வரும்.
வெளியே எல்லாம் பொருந்தியிருக்கும்,
உள்ளே பம்ப் வெடித்திருக்கும்.
தெருமுனை தாண்டும்போதுதான் எங்களுக்குத் தெரியும்.
உங்கட வீட்டில எல்லாத்தையும்
இழுத்துப் பூட்டித்தானே பழக்கம் என்று
தொண்டை வரை வந்தது.
'கழட்டுவம்' என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையேட்டைப் பார்த்தார்.
மூன்று இரவு நைட் ஷிப்டில்
நோயாளிகள் தூங்கிய பிறகு நான் கோடு போட்டுப் படித்த பக்கம்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
தூக்கியின் பிடியை அழுத்தத் தொடங்கினார்.

டோர்க் கன்வேர்ட்டர்
வயிறு நிறைய எண்ணெய் குடித்த இரும்புப் பூசணி.
மூன்று பல்வரிசையில் அது குந்த வேண்டும்.
இரண்டில் குந்திவிட்டு
எல்லாம் முடிந்தது போல இருந்திருக்கிறது.
இரண்டு கையாலும் அணைத்துத் தள்ளித் திருப்பினேன்.
அரை வட்டம். கால் வட்டம் பின்னால்.
சிவப்பு எண்ணெய் முழங்கை வரை வழிந்தது.
திரும்பியது, இறங்கவில்லை.
அவர் அந்தப் பக்கம் நின்று
தன் பாரத்தையும் அதில் வைத்தார்.
'நீர் திருப்பும், நான் தள்ளுறன்.'

டொக்.

ஒரு விரல் அகலம் உள்ளே போனது.
குசினி வாசலிலிருந்து மகள் கேட்டாள்:
'அம்மா, என்ன உடைஞ்சது?'
'ஒண்டும் உடையேல்லை.'
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

இந்த முறை கையால் தள்ளவே
முகமும் முகமும் சேர்ந்தன.
போல்டுகள் விரலாலேயே சுற்றிப் போயின.
அவர் கீழே படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.
'கன்வேர்ட்டருக்கும் தட்டுக்கும் நடுவில
இஞ்சையும் இடைவெளி நிக்குதே.'
'எவ்வளவு?'
'மூண்டு இருக்கும்.'
'அது நிக்க வேணும். அந்த மூண்டும் இருந்தாத்தான் சரி.'
கொஞ்ச நேரம் காருக்கு அடியிலிருந்து
சத்தமே வரவில்லை.

பிறகு வயர்கள், குழாய்கள்,
எங்கே இருந்தது என்று இரண்டு பேருக்கும்
ஞாபகம் வராத ஒரு சின்னக் கவ்வி.
அது இன்னும் ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது.
நான்காவது தடவை சாவி திருப்பியபோது
இருமி, புகைத்து,
யாருடையதோ ஆன அந்த எஞ்சின் பிடித்தது.

பிரேக்கில் கால். கியரை டியில் போட்டேன்.
ஒரு நொடி ஒன்றுமில்லை.
உள்ளே இரும்பு இரும்பைத் தொடுவதில்லை,
எண்ணெய்தான் விசையைக் கொண்டுபோகிறது.
காலை எடுத்தேன்.
யாரும் மிதிக்காமலே கார் ஒரு சாண் முன்னால் வந்தது.

எதிரே நின்றவர் விலகவில்லை.
பொனற்றில் கை வைத்துக்கொண்டு
அதோடு கூடவே
ஓரடி பின்னால் நடந்தார்.