துணைக்கால்

ஜூன் மூன்றாம் வாரம்
முப்பத்தோராவது பெயராக அவனைச் சேர்த்தேன்.
அவன் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமல்
ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார்.
காரப்பாக்கத்து மெட்ரோ தூணடியில்
ஜல்லி லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
காதில் விழுந்ததை எழுதினேன்:
நிராகர்.

அன்றிலிருந்து தினமும்
ஒன்பது இருபதுக்கு
ஒரு குழந்தையை வாய்விட்டு நிராகரித்தேன்.
மூன்றாம் வகுப்புக்கு அந்தச் சொல் தெரியாது.
ஐந்தாம் வகுப்புக்குத் தெரிந்திருந்தது.
சத்துணவு வரிசையில்,
"ரிஜெக்ட்டு வர்றான், தட்ட மறைங்கடா."

அவன் பேசவில்லை.
முட்டையின் வெள்ளையைச் சுற்றிலும் கடித்துவிட்டு
மஞ்சளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான்.
ஆகஸ்டில்
மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்தேன்.
பட்டியல் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்,
அனுப்பினேன்.

சனிக்கிழமை சைதாப்பேட்டையில் பயிற்சி.
'அனைவரையும் அரவணைக்கும் வகுப்பறை'
என்று பேனரில் இருந்தது.
புரொஜெக்டர் எரியவில்லை.
பயிற்சி தர வந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும்,
ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கேட்டாள்:
"உங்க வீட்டுல சேவல் எப்படிக் கூவும்?"

யாரும் வாய் திறக்கவில்லை.
டீ வர இன்னும் அரைமணி.

தில்ஷாத் பேகம்தான் முதலில், முக்காட்டைச் சரிசெய்தபடி:
"குக்டூ கூ."
எங்களோடு இருபத்திரண்டு வருஷம்
மல்லிப்பூவும் வத்தக்குழம்புமாக இருந்த
கஸ்தூரி டீச்சர்
"கொக்கொரொக்கோ... எங்க வீட்ல தெலுங்கு" என்றார்,
கடன் சொல்வதுபோல.
துளசிராம் சார் எழுந்து வெளியே போய்
மதுரைக்கு போன் போட்டு
அவர் அம்மாவிடம் சௌராஷ்டிரத்தில் கேட்டார்.
அம்மா கூவிக் காட்டினாராம்.
வந்து உட்கார்ந்தவர்
எங்களுக்குச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தார்.

திங்கட்கிழமை என் வகுப்பில் கேட்டேன்.
நல்ல தயாரிப்போடு போயிருந்தேன்,
ஒடியாவில் சேவல் எப்படிக் கூவும் என்றுகூடத் தேடி வைத்திருந்தேன்.
அவன் முறை வந்தது.
முப்பது தலைகள் திரும்பின.

"சேவல் இல்ல மிஸ்.
சைட்டுல மெஷின்."

பிறகு வாயைக் குவித்து
கன்னம் அதிர
கர்ர்ர்ர்... டக். கர்ர்ர்ர்... டக்.
விடியற்காலை நாலு மணிக் கலவை மெஷின்,
ஈரச் சிமெண்டோடு அப்படியே.
தனக்கும் இதுதான் என்றாள் செம்மஞ்சேரி யாழரசி.
பின்பெஞ்சு சேர்ந்துகொண்டது.
ஐந்து நிமிடத்தில்
மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
எட்டு மாடிக்குத் தளம் போட்டோம்.
தலைமையாசிரியை வந்து நின்றார்.
"பாடம் நடக்குது மேடம்" என்றேன்.
ஒடியாச் சேவல் என் நோட்டுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் கேட்டருகே அவன் அப்பா,
துணைக்கு ஒரு மேஸ்திரி.
"ராத்திரி பூரா பேச்சாம்.
ஸ்கூல்ல மிக்சர் வாங்கியிருக்கீங்களான்னு கேக்குறாரு."
சிரித்து முடித்து, பெயருக்கு அர்த்தம் கேட்டேன்.
உருவம் இல்லாதவர், சாமி பேரு என்றார்.
நிராகா...ர்.
அந்தக் 'கா'வில் நின்று, இழுத்து,
இறங்கி வந்தார்.

ஒரு துணைக்கால்.
அதை விட்டுவிட்டுத்தான்
நான்கு மாதம் கூப்பிட்டிருக்கிறேன்.

இணையத்தில் திருத்தம் கேட்டேன்.
ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறதாம்.
'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது'
என்று வந்தது.

பதிவேட்டில் சிவப்பு மையால் நானே போட்டேன்.
அடித்தல் திருத்தல் கூடாதென்று தெரியும்.
ககரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே
இடமே இல்லை,
கால் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது.