உலர் எடை

நூகுஸ் மருத்துவமனை, ஏழாம் எண் கட்டில்.
மார்ச் மாதக் காற்று
சன்னல் இடுக்கு வழியே உப்புப் புழுதியைத் தூவுகிறது.
காலை ஐந்தரை. தராசை இழுத்து வருகிறேன்.
அதற்கு நான்கு சக்கரம்,
ஒன்று அழும்.

ஏறுங்கள், ஒரின்பாய்.
செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை,
மூன்று வாரமாய் எதுவும் அந்தக் காலில் நுழையவில்லை.
தொண்ணூற்றொன்று புள்ளி ஆறு.
நேற்றும் அதுவேதான்.
கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துகிறேன்.
விரலை எடுத்த பிறகும் குழி இருக்கிறது,
களிமண்ணில் ஆட்டின் குளம்படி.

காணாமல் போன கடல் இங்கே ஒளிந்திருக்கிறதோ
என்று கேட்டார் சின்ன டாக்டர் தவ்லெத்.
முய்னாக்கில் படகு எஞ்சின் பழுது பார்த்தவர்
சிரிக்கவில்லை.
"அதில் மீன் இருந்தது" என்றார்.

இதயம் பாதி வேலைதான் செய்கிறது.
சிறுநீரகம் அதைப் பஞ்சம் என்று நம்பி
கிடைத்த உப்பையெல்லாம் முந்தானையில் முடிகிறது.
உப்பு உட்கார்ந்த இடத்தில் தண்ணீரும் உட்காரும்.
தண்ணீர் ஏற ஏற இதயம் இன்னும் தளரும்.
யார் முதலில் கைவிட்டது என்று கேட்டால்
ஒன்று மற்றதைக் காட்டும்,
விவாகரத்துக்கு வந்து நிற்கும் தம்பதி மாதிரி.

தேநீருக்கு ஆறு கிண்ணம், அதற்கு மேல் கிடையாது.
மனைவி ஆய்சுலு ஆறு தீக்குச்சிகளை மேசையில் அடுக்குகிறாள்,
ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒன்றை எடுத்துப் பையில் போடுகிறாள்.
"நாற்பத்தொரு வருடம், இவர் கிண்ணம் காலியாய் இருக்க நான் விட்டதில்லை.
நீங்கள் சொல்லித்தான் செய்கிறேன், எழுதி வையுங்கள்."
எதில் எழுதுவது?
வரவு, செலவு என்று இரண்டு பத்திதான் என் தாளில்.

குளிர்காலம் முழுக்க நாணல் வலையில் தொங்கிய முலாம்பழத்தை
மைத்துனன் கோட்டுக்குள் வைத்துக் கடத்தி வந்தான்.
பிடித்துவிட்டேன்.
இரவுப் பணியில் நாங்கள் மூன்று பேர் அதைத் தின்றோம்.
தேன்.
அவர் விழித்துத்தான் இருந்தார், வாசனை போயிருக்கும்.

நான்காம் நாள் கிரியாட்டினின் ஏறியது.
தவ்லெத் மருந்துச் சீட்டில் கோடு போடப் போனார்:
சிறுநீரகம் காய்கிறது, ஊசியை நிறுத்துவோம்.
கழுத்தைப் பார் என்றார் பெரிய டாக்டர் ஜுமாகுல்.
காதுமடல் வரை நரம்பு புடைத்துத் துடித்தது.
"காயவில்லை, மூழ்குகிறது.
சாக்கடை அடைத்த வீட்டில் குழாயை ஏன் திட்டுகிறாய்?"

ஊசி போட்ட இரண்டாம் மணியில் சிறுநீரின் உப்பை அளந்தோம்.
முப்பத்தெட்டு.
முடிச்சு இன்னும் அவிழவில்லை.
எண்பது நூற்றறுபதானது,
கூட ஒரு மாத்திரையும்.
இயந்திரம் வைத்து உறிஞ்சலாம் என்ற பேச்சும் வந்தது,
இருக்கும் ஒன்று வியாழன் வரை மாடியில் யாருக்கோ ஓடுகிறது.

இரவு பதினொன்றரை.
பையின் அடியில் ஒரு கோடு,
பிறகு இருநூறு,
பிறகு நான் கணக்கை மறந்து
பார்த்துக்கொண்டே நின்றேன்.
எந்தப் பட்டிலும் இப்படியொரு மஞ்சளை நான் ரசித்ததில்லை.

மூன்று மணிக்கு அலறினார்.
கெண்டைக்கால் கல்லாய் இறுகியிருந்தது.
தண்ணீர் தனியே போகாது,
பொட்டாசியத்தையும் கையைப் பிடித்து அழைத்துப் போகும்.
சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுத்தோம்.
தேய்த்துவிட்டேன். என்னைத் திட்டினார்,
எஞ்சின் அறையில் கற்ற ரஷ்ய வசவுகள்,
நிறுத்தாமல், மூச்சு வாங்காமல்.
மூச்சு வாங்காமல்!
தாளில் அதற்கும் இடமில்லை.

இன்று எண்பத்து நான்கு புள்ளி இரண்டு.
இரண்டு தலையணை போதும்.
கிரியாட்டினின் ஏறிய இடத்தில் நிற்கிறது,
இறங்கலாம், இறங்காமலும் போகலாம்.
எந்த எடையில் நிறுத்துவது என்று கேட்டேன்.
எண்பத்தொன்று இருக்கலாம் என்றார் ஜுமாகுல்,
சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்ப்பவர் குரலில்.

ஆய்சுலு அவருடைய சப்பாத்துகளைக் கொண்டு வந்திருக்கிறாள்,
செய்தித்தாள் அடைத்து, மெழுகு தேய்த்து.
இடது கால் நுழைந்துவிட்டது.
வலது பாதி வழியில் நிற்கிறது.
"தள்ளு" என்கிறார்.
அவள் தள்ளவில்லை.
ஒற்றைச் சப்பாத்தோடு அவர் உட்கார்ந்திருக்க,
மேசையில் மீதமிருக்கும்
தீக்குச்சிகளை எண்ணுகிறாள்.