கைரேகை பதியவில்லை

புதுவயல் ரேஷன் கடையில்
வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு
என் பெயருக்கு ஆள் இல்லை என்றது மெஷின்.

ஆள்காட்டி விரலை வைத்தேன்.
'மீண்டும் வைக்கவும்.'
சேலையில் துடைத்து வைத்தேன்.
'மீண்டும் வைக்கவும்.'
எடை போடும் சாத்தையா
கட்டைவிரலைக் கேட்டான்,
பிறகு நடுவிரலை,
பிறகு மற்றக் கையை.
பத்தும் தீர்ந்தபோது
பின்னால் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்றவள்
'தேங்காயெண்ணெய் தடவுனா விழும்க்கா' என்றாள்.
தடவாத எண்ணெயா.

காலை மூன்று, இரவு மூன்று,
பதினாலு நாள் தின்று ஏழு நாள் விடுகிற மாத்திரை.
உள்ளங்கை சிவக்கும், தோல் உரியும் என்று
மதுரையில் டாக்டரம்மா சொன்னார்.
ரேகையும் சேர்ந்து போகும் என்று சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்,
நான் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அரிசி மில்லில் பதினெட்டு வருஷம்
மூட்டைக் கணக்கு எழுதிய விரல்.
தவிடு ஒட்டாத நாளில்லை.
இப்போது வழவழவென்று
முட்டைச் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருக்கிறது.
அழகுதான்.
யாரும் குடியிராத வீட்டின் அழகு.

மற்றதெல்லாம் பழகிவிட்டது.
சிவப்பு மருந்து ஏற்றிய அன்று
சிறுநீரும் சிவந்ததற்கு அலறியது முதல் தடவைதான்.
நாலாவது தடவை
'போய்ட்டு வா' என்று தண்ணீர் ஊற்றினேன்.
முடி, வாசல் கூட்டும்போது வந்தது.
விளக்குமாற்றில் சிக்கியதைப் பிடுங்கக் கால்மணி நேரம்.
சோறு, ஐந்து மாதம்
பீரோ சாவியை நக்குவது போலிருந்தது.
ஒற்றைச் செருப்பு கழன்றது தெரியாமல்
கண்டனூர் சாலையில் பாதி தூரம் நடந்திருக்கிறேன்.

இடது பக்கம் பற்றிப் பேச
இன்னும் சொல் கிடைக்கவில்லை.
மகளின் பழைய பாவாடையை மடித்து
ஜாக்கெட்டுக்குள் வைக்கிறேன்.
ஒருநாள் பேரேட்டை எடுக்கக் குனிந்ததில்
தோளுக்கு ஏறிவிட்டது.
மானேஜர் ஜன்னலைப் பார்த்தார்.
நானும் ஜன்னலைப் பார்த்தேன்.
ஜன்னலில் ஒன்றுமில்லை,
தார்ப்பாய் கட்டாத ஒரு லாரி.

'உசுரோட வந்து நிக்கிறேன் சாத்தையா, இது போதாதா?'
'எனக்குப் போதும்க்கா. இதுக்குப் போதாதே.'

மேசைக்கு அடியிலிருந்து
கண் பார்க்கும் கருவியை எடுத்துத் தூசி தட்டினான்.
இமையில் இப்போதுதான்
வரப்புப் புல் போல
அங்கொன்றும் இங்கொன்றுமாய் முளைத்திருக்கிறது.
குனிந்து வைத்தேன்.
இருட்டு. இருட்டுக்குள் சிவப்பாய் ஒரு புள்ளி.
ஒரு வருஷமாய் எத்தனையோ மெஷின்
என்னைத் திறந்து பார்த்துவிட்டன,
எல்லாம் வேறெதையோ தேடி.
இது என்னைத் தேடியது.

ஒரு சத்தம். பிறகு சீட்டு வந்தது:
அடைக்கம்மை, அரிசி பன்னிரண்டு கிலோ,
சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில்.
விரலுக்குத் தாள் தெரியவில்லை.
பிடித்திருக்கிறேனா என்று
பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தேன்.

பையை எடுக்கப் போனேன்.
'இடது கையில தூக்காதீங்க' என்றாள் கேன்காரி.
எப்படித் தெரியும் என்று திரும்பினேன்.
'எங்க மதினிக்கும்...' என்று ஆரம்பித்து
மிச்சத்தை வாயிலேயே வைத்துக்கொண்டாள்.

பையின் ஒரு காதை அவள் பிடித்தாள்,
ஒரு காதை நான்.
பஸ் ஸ்டாப் வரை பேசாமல் நடந்தோம்.
வரிசையில் அவள் இடத்தில்
கேன் நின்றுகொண்டிருந்தது.