செவ்வூரணி விலக்கு

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு வழி,
காரில் வருகிறவர்களுக்கு இன்னொன்று.
இரண்டையும் நான்தான் சொல்கிறேன்,
ராத்திரி ரெண்டு மணியிலிருந்து,
பால் பொங்கிவிடாமல் ஒரு கண் வைத்தபடி.

பஸ் என்றால்
காரைக்குடியில் நாலரைக்கு முதல் வண்டி.
பெண்களுக்குக் காசில்லை, ஊத்தாவுக்கு லக்கேஜ்.
"மூங்கில் கூடைக்கா டிக்கெட்டு?"
கோட்டையூர் தாண்டும்வரை சண்டை.
கண்டக்டர் ஆரோக்கியம் கடைசியில்
டம்ளர்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி
எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் கிழிப்பார்.
இங்கே இறங்கணும், என் பெஞ்சு முன்னால்.
அப்புறம் நடை.
ஷேர் ஆட்டோ இன்றைக்கு நாற்பது,
நாளைக்குப் பத்து.

கார் என்றால்
போனுக்குள் இருக்கிறவள் பேச்சைக் கேட்காதீர்கள்.
மறுகால் பக்கம் கொண்டுபோய் விடுவாள்.
டயர் களிமண்ணில் அமுங்கிய பிறகும்
"வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்பாள்.
போன வருஷம் மதுரைக்காரர் வண்டியை
ஒன்பது பேர் தூக்கிவிட்டார்கள்.
அந்த ஒன்பது பேருக்கும் அன்றைக்கு மீன் இல்லை.
ஒற்றைப் பனை பார்த்து இடப்பக்கம்,
சுவர் முழுக்க சிமெண்ட் விளம்பரம் எழுதிய வீடு.
அதற்குமேல் கேட்க வேண்டாம்,
முன்னால் போகிறவன் தோளில் வலை இருக்கும்.

வெளிச்சம் கீறும்போது ரோடு காலி.
நூற்றெழுபது டீ.

பெருந்தாழைக் கண்மாயை இந்த நாளில் நான் பார்த்ததில்லை.
வைகாசியில் இந்த ஒரு விடியல்தான்
மூன்று மாத வாடகை.
அம்பலக்காரர் வெள்ளைத் துண்டை வீசியது
காதில்தான் தெரியும்:
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை,
பிறகு தகரத்தில் மழை அடிக்கிற மாதிரி கால்கள்.
கத்தல் குட்டையாக இருந்தால் கெண்டை.
பெயர் சொல்லி இழுத்துக் கத்தினால் விரால்.
சிரிப்பு கேட்டால்
யாரையோ கெளுத்தி குத்திவிட்டது.

எட்டு மணிக்குத் திரும்புகிறார்கள்,
இடுப்புவரை சேற்றை உடுத்திக்கொண்டு.

இந்த மீனை விற்கக் கூடாது.
ஊர்க் கட்டுப்பாடு, சாமி பேரில் போட்டது.
விற்றால் அடுத்த வருஷம் தண்ணீர் நிற்காதாம்.
ஊர் எல்லைக் கல்
என் கடைக்கு நாலடி முன்னாலேயே முடிகிறது.

தேவகோட்டையில் செல்போன் கடையில் வேலை பார்க்கும்
அருள்பிரகாஷ்,
விடிகாலை இரவல் ஊத்தாவோடு இறங்கி
"மீன் கெடைக்குமாக்கா?" என்று மூன்று தரம் கேட்டவன்,
பையில் ஒரு நத்தைகூட இல்லாமல் நிற்கிறான்.
மாமனார் வந்திருக்கிறாராம்.
மசாலா அரைத்து முடித்து
மனைவி போட்டோ அனுப்பியிருக்கிறாள்.
பக்கத்தில் பஞ்சவர்ணம், புதுவயல்காரி,
காலடிச் சாக்கில் ஏழு விரால் புரள
டீயை ஊதி ஊதிக் குடிக்கிறாள்.

நான் கிளாஸ் கழுவத் திரும்பிக்கொண்டேன்.
தேவைக்கு மேலேயே தேய்த்தேன்.
சாக்கில் இப்போது ஐந்து.
"அந்தக்கா டீக்கும் ரெண்டு வடைக்கும் எடுத்துக்கங்க"
என்று ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறான்,
"மீதிய அவங்ககிட்டயே குடுத்துருங்க."
முப்பது எனக்கு.
நானூற்றெழுபதை எண்ணிக் கொடுத்தேன்.
யாரும் எதையும் விற்கவில்லை.

ஆரோக்கியத்தின் வண்டி திரும்பி வந்தது.
ஈர மீன் ஏற்றமாட்டேன் என்றார், ஏற்றினார்.
"எங்கடா புடிச்ச?"
"மேக்கு மடைலண்ணே. இடுப்பளவு தண்ணி."
மேற்கே மடை கிடையாது.
ஆரோக்கியம் என்னைப் பார்த்தார்,
நான் அடுப்பைப் பார்த்தேன்.
விசில் ஊதினார்.

பதினொரு மணிக்கு ஒரு கார்.
கண்ணாடி இறங்கி, குளிர்காற்று முகத்தில் பட்டது.
புத்தம்புது வலை, விலைச்சீட்டு இன்னும் தொங்குகிறது.
"கண்மாய்க்கு எப்படிக்கா போகணும்?"
பால் தீர்ந்துவிட்டது, மீனும்.
வாய் மட்டும் பழக்கத்தில்,
"ஒத்தப் பனை பாத்து எடப்பக்கம்.
மறுகால் பக்கம் மட்டும் போயிராதீங்க."