தாக்ஸ்டரின் பாறை

மூன்று பத்திக் கடிதம்.
பெயர் ஏற்கப்பட்டது.
எழுத்துகளுக்கு நடுவே உயரத்தில் தொங்கிய
அந்தக் காற்புள்ளி மட்டும் ஏற்கப்படவில்லை.
அது உடைமையைக் குறிக்கிறதாம்.
கடலில் கிடக்கும் பாறை
எவருக்கும் உடைமை அன்று.

வெர்னா தாக்ஸ்டர் அதை
நாய் உரிமப் படிவங்களின் மேல் வைத்தாள்.
மெய்ன் கரையோரச் சிற்றூர் அலுவலகம்;
முத்திரையும் கல்லாப்பெட்டியும் அவள் பொறுப்பு.
விதி அவளுக்குப் புதிதல்ல.
இறந்தவர் பெயர் வைக்க
ஐந்தாண்டு ஆகட்டும் என்றார்கள்.
ஆகட்டும் என்றிருந்தாள்.

ஓரின் கடலில் சாகவில்லை.
ஆணி வாங்கும் வரிசையில்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்
எழவில்லை, அவ்வளவுதான்.
பாறைக் கதை அதற்கும் முப்பது வருடம் முன்பு.
பிப்ரவரி. சிங்கி இறால் கூடுகளோடு
படகு இரண்டாய்ப் பிளந்தது.
ஓதம் முழங்கால்வரை ஏறியது,
யோசித்தது, இறங்கியது.
விடியும்வரை நின்றான்.
ஆஸ்பத்திரியில் இடக்காலில்
இரண்டு விரலை எடுத்தார்கள்.

பிறகு படகு வானொலிகளில்
"தாக்ஸ்டருடையதைத் தாண்டிட்டேன்" என்றே பேச்சு.
அவனும் அப்படித்தான் சொல்வான்,
யாரோ இன்னொரு தாக்ஸ்டரைப்பற்றிப் போல.

கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினாள்:
ஐயா, அவர் அதற்கு வரி கட்டியதில்லை.
யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்,
எடுத்துப்போக டீசல் செலவும் சேர்த்து.
அவர் பாறையை வைத்திருக்கவில்லை.
ஒரு ராத்திரி
பாறைதான் அவரை வைத்திருந்தது.
அந்தக் கோடு அதைத்தான் சொல்கிறது.

நம் இலக்கணம்
ஆறாம் வேற்றுமையை இரண்டாக்கி வைத்திருக்கிறது.
சாத்தனது வீடு பிறிதின்கிழமை: விற்கலாம்.
சாத்தனது கை தற்கிழமை:
விற்றால் சாத்தனில் கொஞ்சம் குறையும்.
வாஷிங்டன் மேசைக்கு முதலாவது மட்டும் தெரியும்.
ஆனால் விரல் கொடுத்து நின்ற இடம்
எந்தக் கிழமை?
நானும் தேடினேன். நூற்பா இல்லை.
உருபு போனாலும் பொருள் தொக்கி நிற்கும்
என்பது நமக்கொரு சௌகரியம்.
வெர்னாவுக்கு அது கிடையாது.

மறுபடி அதே மூன்று பத்தி வந்தது.
இலையுதிர் காலத்தில் வரைபடம் வந்தது.
மேசையில் விரித்து
நான்கு மூலைக்கும் ஸ்டேப்லரும் குவளையும் வைத்தாள்.
இடைவெளி இல்லாமல்
கடைசி எழுத்து பெயரோடு ஒட்டிக்கிடந்தது
கல்லில் சிப்பி போல.
பக்கத்தில் அச்சகம் தன் பங்குக்கு
ஒரு சின்னக் கூட்டல் குறி,
சுற்றி நான்கு புள்ளி:
நீருக்குள் பாறை, விலகிப் போ.
எடுத்த கோட்டைவிட அது பெரிதாயிருந்தது.

பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது
எலியட் போமராய் நனைந்த தொப்பியோடு வந்தான்,
பின்னால் நனைந்த நாய்.
படிவத்தை எடுத்தாள்.
பெயர்? பிஸ்கட்.
நிறம்? பார்த்துக்கொள்ளுங்கள்.
உரிமையாளர்?
அவன் கீழே குனிந்து பார்த்தான்.
நாய் அவனைப் பார்த்தது.
"என்னையே போட்டுக்கோங்க,
அதுக்கு ஆட்சேபம் இருக்காது."

"எட்டு டாலர்" என்றாள் வெர்னா,
வரைபடத்தின்மேல் சொட்டிய நீரை
முழங்கையால் துடைத்துக்கொண்டே.