அறுபத்தொரு நாள்

குழியில் எடுத்த ஓடுகளைப்
பல் தேய்க்கும் பிரஷால் கழுவிக் காயவைப்பது
தை மாதத்தில் எனக்குக் கிடைத்த கூலி வேலை.
ஒருநாள் ஒரு ஜாடியின் காது வந்தது.
காது மட்டும். ஜாடி இல்லை.
"கடல் தாண்டி வந்ததுக்கா" என்றான்
நோட்டில் எண் போடும் பையன்.
உள்ளே என்ன இருந்ததாம்?
"மதுவோ எண்ணெயோ, யார் கண்டது,
மீன் சாறாகக்கூட இருக்கலாம்."

மீன் சாறா!
கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதையாய்
எங்கள் ஆற்றங்கரைக்கு
மீன் விற்க வந்திருக்கிறான் ஒருத்தன்
கப்பலேறி.
ஓடு கழுவிய தண்ணீர் தெறிக்கச் சிரித்தேன்.

எப்படிச் செய்வது என்று கேட்டதற்கு
விரல் மடக்கிச் சொன்னான்:
மீன், குடலோடு.
உப்பு.
வெயில்.
நாலாவது விரலுக்கு வேலையில்லை.

சித்திரை பிறந்த மறுநாள்
மண்டபத்தில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டார்கள்.
நம்புகுமார் பையோடு வீட்டுக்கு வந்தான்.
அன்று மாலையே நான்
பெயின்ட் வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.
கரைவலையில் ஏறிய சூடை,
மூன்று கைக்கு ஒரு கை வாலிநோக்கத்து உப்பு,
மேலே கொசுவலை, அதன் மேல் ஒரு கல்.
கோழிக்கூட்டுக் கூரையில் ஏற்றினேன்.

மூன்றாம் நாள்
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜுலைகா கேட்டாள்,
"உங்க வீட்டுல யாரும் செத்துட்டாங்களா?"
இல்லை, அவர் தூங்குகிறார் என்றேன்.

ஏழாம் நாள் சதை முள்ளை விட்டது.
பதினைந்தாம் நாள் வாளியில் மீன் என்று எதுவுமில்லை,
கண்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாய்.
நிவாரணப் பணம் இன்னும் ஏறவில்லை.
பனைக்குளத்தில் கம்மலை வைத்தேன்.
கண்ணாடியில் பார்த்தபோது
அந்த ஓட்டு ஞாபகம் வந்தது,
காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"நாத்தத்தைக் கடல்ல கொட்டு" என்பான் நம்புகுமார்.
சீட்டாடுவான், வலை கிழியாத இடத்தில் தைப்பான்,
என்னோடு சண்டை போடுவான், சாப்பிடுவான்.
பிறகு ஒரு விடியலில்
கிளறப் போனால் துடுப்புக் கட்டை
எனக்கு முன்பே ஈரமாக இருந்தது.
மறுநாளும்.
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
வைகாசியில் திடீரென மழை அடித்த ராத்திரி
பாயில் அவனைக் காணோம்:
கோழிக்கூட்டின் மேல்
தார்ப்பாயும் அவனுமாய்க் கவிழ்ந்து கிடந்தான்.
கோழிகள் விடியும்வரை திட்டின.

ஐம்பத்தெட்டாம் நாள்
அவனுடைய பழைய வேட்டியில் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டோம்.
சொட்டு. பிறகு ஒன்று. பிறகு கச்சான் காற்று.
பிறகு இன்னொரு சொட்டு.
நாற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை,
வேட்டியிலேயே தங்கிவிட்டதோ என்னவோ.
கீழே கிண்ணத்தில்
தேநீர் நிறத்தில் தெளிந்து நின்றது.

சுடுசோறு. வேறொன்றும் இல்லை.
மூன்று சொட்டு விட்டுப் பிசைந்தான்.
உப்பு முதலில் வந்தது,
அதன் பின்னால், மெதுவாக,
கருவாட்டுக்கும் வராத ஒரு ருசி,
பெயர் வைக்கத் தோன்றவில்லை.
தட்டை நீட்டினான்.
இன்னும் கொஞ்சம் சோறு என்று அர்த்தம்.

தடை முடிந்து படகேறும்போது
இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக்
கைலி மடிப்பில் செருகிப் போனான்.
கடல் தாண்டி விற்க அல்ல,
நடுக்கடல் கஞ்சிக்கு.

வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
வேலிக்கு மேலே ஒரு கை நீண்டது,
வளையல் ஓசையோடு.
ஒன்றும் பேசவில்லை ஜுலைகா.
அந்தக் கையில்
கழுவித் துடைத்த
ரோஸ்மில்க் எசன்ஸ் பாட்டில், காலியாக.