எதிர்மனுதாரர்

இரண்டு வருஷம் ஒரே அறை,
ஒரே பக்கெட், ஒரே கொசுவலை.
மனு எழுதுகிறவர் கேட்டபோதுதான்
ஜெசிந்தாவின் அப்பா பெயர்
எனக்குத் தெரியாது என்று தெரிந்தது.

ஏழு மாத வாடகையில் பாதி:
பன்னிரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது.
அத்தாட்சி, நண்டுக் கம்பெனி கொடுத்த டைரி.
மார்ச் பக்கத்தில் குழம்புக் கறை,
ஓரத்தில் அவள் கையெழுத்து:
"மே மாசம் தந்துடுறேன், மாதா மேல சத்தியம்."
எந்த மே என்று எழுதவில்லை.

தடைக்காலத்தில் வேலை இல்லையாம்.
எனக்கு மட்டும் கடல் திறந்தா கிடந்தது?

ராமநாதபுரம் மக்கள் நீதிமன்றத்தில்
மின்விசிறிக்குக் கீழே
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.
போட்டிருந்த துப்பட்டா என்னுடையது.
அதை மனுவில் சேர்க்கவில்லை.

"ஏம்மா, கூடத் தங்கின பொண்ணுதானே?"
அதனால்தான் ஐயா, என்றேன்.
வேறு யாராவது என்றால்
வாசலில் நின்று கத்தியிருப்பேன்.

நாலு தவணை என்று முடிவானது.
முதல் தவணையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்,
கைக்குட்டையில் முடிந்து.
ஐம்பது, இருபது, உப்பேறிய பத்துகள்.
அவள் வாய்விட்டு எண்ணினாள்
நான் மனசுக்குள்.
இரண்டு கணக்கிலும் ஐம்பது குறைந்தது.
மறுபடி எண்ணினோம்.
அப்போதும் குறைந்தது.
சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும் பஸ்ஸில்
அவள் முன்னால், நான் நாலு சீட் பின்னால்.
நடத்துநர் கேட்டதும்
"மண்டபம் ரெண்டு" என்றாள், பழக்கதோஷத்தில்.
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
அதற்குள்
டிக்கெட் கிழித்தாகிவிட்டது.